மலையேறும் கொக்கியை ஆசிட்டில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய இரும்புச் சாமான்களின் துருவை எடுக்க ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் ஒரு ராத்திரி ஊறினால் புதுசாகிவிடுமாம். மண்வெட்டிக்கு அது எப்படியோ போகட்டும், அதைப் படித்துவிட்டு என் பேரன் செய்யப் பார்த்த காரியத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் சித்தப்பா பட்டாளத்தில் மலையேற்றப் பயிற்சிக்குப் போனவர். ஓய்வு பெற்று வந்தபோது கயிறு கோக்கிற, ஸ்பிரிங் கதவு வைத்த எஃகுக் கொக்கிகளான காரபினர்கள், பாறை இடுக்கில் அடிக்கிற பிட்டன் ஆணிகள், மரப்பிடி போட்ட ஒரு பனிக்கோடரி எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்தார். எங்கள் வீடு மண்டைக்காட்டில், கடலுக்கு நடந்தே போகலாம். ஆனி ஆடிச் சாரலில் ஜன்னல் கம்பியே பொரிந்து உதிரும் ஊரில் அந்தப் பெட்டி நாற்பது வருஷம் பரணில் கிடந்தால் என்ன ஆகும்? திறந்தால் எல்லாம் செங்கல் நிறம்.

பேரன் அவற்றை ஆசிட்டில் போட்டெடுத்து, மருத்துவாழ் மலையில் கயிறு கட்டித் தொங்கப் போவதாக இருந்தான். நல்லவேளை, பக்கெட் என் கண்ணில் பட்டது. தக்கலையில் முப்பது வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவன் நான்.

ஆசிட் துருவோடு நிற்காது, அடியிலுள்ள நல்ல இரும்பையும் தின்னும். அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் கடினப்படுத்திய எஃகுக்குள் புகுந்துகொள்ளும். பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் சுமை ஏறினால் வளைந்துகூடக் காட்டாமல் சட்டென்று முறியலாம். முலாம் பூசும் பட்டறைகளில் இதற்குப் பயந்துதான் கடின எஃகுச் சாமானைப் பூசி முடித்ததும், புகுந்த ஹைட்ரஜன் வெளியேற 200 டிகிரி அளவில் மணிக்கணக்காகச் சூளையில் வைப்பார்கள். சலவை சோடாத் தண்ணீரில் பாட்டரி சார்ஜர் மாட்டித் துரு எடுப்பவர்களும் உண்டு, அதிலும் சாமான் நெகட்டிவ் பக்கம் இருப்பதால் ஹைட்ரஜன் அதன் மேல்தான் உண்டாகும், இதே தொல்லைதான்.

நாங்கள் காரபினர்களை டீசலில் ரெண்டு நாள் ஊறவைத்து பித்தளைக் கம்பி பிரஷால் தேய்த்தோம், ஸ்பிரிங் பக்கத்துக்குப் பழைய பல் பிரஷ். பிட்டன்கள் இனி சுவரில் அழகுக்கு மாட்டத்தான் என்று முடிவானதால் அவை மட்டும் வினிகரில் கிடந்தன, அப்புறம் சோடா மாவுத் தண்ணீரில் அலசி உடனே வெயிலில் காயவைத்துத் தையல் மிஷின் எண்ணெய் தடவினோம். இதில் தாமதித்தால் சாயங்காலமே மறுபடி மஞ்சள் பூக்கும், நம் கடற்காற்று அப்படி. கோடரியின் பிடிக்கு ஆளிவிதை எண்ணெய்.

சுத்தமானதும்தான் குழிகள் தெரிந்தன. ஒரு காரபினரில் கதவின் கீல் ஆணி பாதி தேய்ந்திருந்தது. மலையேறுவதற்கென்று இப்போது வரும் பெரும்பாலான வகைக் காரபினர் நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2 டன் இழுவையைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. குழி விழுந்த ஒன்று எவ்வளவு தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்தும் சொல்ல முடியாது. இழுத்து உடைத்தால் தெரியும், அப்புறம் கொக்கி இருக்காது. காரபினர்களிலும் தொங்க வேண்டாம் என்றதில் பேரனுக்கு ரெண்டு நாள் முகம் சரியில்லை, சரி, போகட்டும்.

இதைவிடப் பெரிய கவலை தென்னை ஏறும் மெஷின். பழைய மெஷினைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்து விற்கிறார்கள், நானே ஒரு கடையில் ஏமாந்தேன். மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் கம்பி வடத்துக்குத் துரு உள்ளேயும் பிடிக்கும், பிரிகளுக்கு நடுவில் எந்த பிரஷும் போகாது. நான் வாங்கியதை வளைத்துப் பார்த்தால் நாலைந்து இழை அறுந்து முள்ளாக நின்றது. மெஷினுக்கு எண்ணெய் போடுங்கள், வடத்தைச் சுத்தம் செய்யப் பார்க்காமல் புதுசாக மாற்றுங்கள்.

ஆள் எடையைத் தாங்கும் எந்தச் சாமானையும் ஆசிட்டில் போடக் கூடாது என்று அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு வரி போடுவீர்களா?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மண்டைக்காடு