பூச்செடி வரிசையை அழிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பாமாயில் தோட்டத்தில், செம்பனைச் சாலையோரம் நட்டிருந்த பூச்செடிகளைக் களை என்று நினைத்து மருந்தடித்துக் கருக்கிவிட்டார்கள். அவை அழகுக்கு வைத்த செடிகள் அல்ல. பை போன்ற கூட்டுக்குள் இருந்துகொண்டு செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னக் குளவிகளுக்கு அந்தப் பூக்களின் தேன்தான் சாப்பாடு.

பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் என் மகள் இந்த மாதிரி உறவுகளைக் கணினியில் வலைப்பின்னலாக வரைகிறாள். ஒவ்வோர் உயிரும் ஒரு புள்ளி. எது எதைத் தின்கிறது, எது எதற்கு உதவுகிறது என்பது கோடு. ஒரு புள்ளியை எடுத்துவிட்டு மிச்சம் என்னாகிறது என்று பார்ப்பாளாம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் பல வலைகள் தாங்கும். அதிகக் கோடுகள் சேரும் புள்ளிகளாகப் பார்த்து எடுத்தால் சீக்கிரம் சிதறிவிடும். ஆல்பர்ட், ஜியோங், பராபாசி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2000ஆம் ஆண்டிலேயே இணையம் போன்ற வலைகளில் இதைக் காட்டியிருக்கிறார்கள்.

சரி, கோடு குறைந்த புள்ளி போனால் பரவாயில்லையா? தோட்டத்தில் வேலை செய்த எவரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். செம்பனையில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. என் அம்மாவும் அவரோடு இருந்த பெண்களும் வெயிலில் மரம் மரமாகப் போய் மகரந்தப் பொடி ஊதினார்கள். 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த, மகரந்தம் சுமக்கும் ஒரு சிறு வண்டை ஜொகூரில் குளுவாங் அருகே விட்டார்கள். அது பரவிய பிறகு அந்த வேலைக்கே அவசியம் இல்லாமல் போனது. செம்பனைப் பூவை நம்பியே பிழைக்கும் அந்த வண்டுக்கு வரைபடத்தில் கோடுகள் சொற்பம். ஆனால் அது இல்லையென்றால் குலையில் காய் சரியாகப் பிடிக்காது. ஆகவே கோடுகளை எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொரு கோடும் என்ன வேலை செய்கிறது என்றும் கணினி மாதிரியில் எழுத வேண்டும்.

கோடுகள் இடம் மாறவும் செய்யும். ஓர் இரை போனால் தின்கிற பிராணி வேறொன்றுக்குத் தாவலாம். அதற்கு இடம் கொடுக்கும் கணினி மாதிரி ஒரு விடை சொல்லும், இடம் கொடுக்காத கணினி மாதிரி வேறொரு விடை சொல்லும். பைப்புழுக் குளவிக்கோ பூவும் இல்லாமல், தாவ வேறு பூவும் இல்லாமல் போகிறது. 1950களின் பிற்பகுதியிலிருந்து நம் நாட்டுத் தோட்டங்களில் எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தைத் தெளித்தபோது பைப்புழுவின் எதிரிகள் செத்தன, கூட்டுக்குள் இருந்த புழு தப்பிப் பெருகியது. அந்தப் பாடம் இருக்கும்போது செடியையும் அழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

தோட்ட நிர்வாகம் இந்த மழைக்குள் செடிகளைத் திரும்ப நட வேண்டும். மருந்தடிப்பவர்களுக்கு எதைத் தொடக்கூடாது என்று முன்னதாகவே காட்டிக்கொடுக்க வேண்டும். அவர்களில் பலர் புதிதாக வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், குற்றம் அவர்களுடையது அல்ல. இதற்காக நடும் எட்டு மணிப் பூச்செடி குச்சி ஒடித்து நட்டாலே வரும். என் வீட்டு வேலியோரம் நிறைய இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் வெட்டித் தருகிறேன்.

ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டக் கண்காணி),
ஊத்தான் மெலிந்தாங், பேராக், மலேசியா