போதை இறங்கும், மாங்கனீசு இறங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊசிப் போதை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை எச்ஐவி, கல்லீரல் அழற்சி, அளவு மீறிப் போட்டுக்கொண்டு சாவது என எல்லாவற்றையும் சொன்னது. ஊசியை விட்ட பிறகும் ஆளை விடாத ஒன்று அதில் இல்லை. நரம்பு நோயாளிகளை நடக்கப் பழக்கும் இயன்முறை மருத்துவர் நான். அதனால் எழுதத் தோன்றியது.

முன்னாள் சோவியத் நாடுகள் சிலவற்றில் மெத்கேத்தினோன் என்ற போதைப்பொருளை வீட்டிலேயே காய்ச்சி ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பரவியது. காய்ச்சிய நீரில் போதைப்பொருளோடு மாங்கனீசு என்ற உலோகமும் ஏராளமாகத் தங்கிவிடுகிறது. சாப்பாட்டில் வரும் மாங்கனீசைக் குடல் அளந்துதான் உள்ளே விடும். மிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். நேராக ரத்தத்தில் ஏற்றினால் குடலின் காவல் இல்லை. அசைவுகளைச் சீராக்கும் குளோபஸ் பாலிடஸ் என்ற மூளைப் பகுதியில் போய்ப் படிகிறது.

லாட்வியாவில் இப்படிப் பாதிக்கப்பட்ட 23 பேரைப் பற்றிய ஆய்வு 2008இல் வெளியானது. 11 பேர் தினமும் விழுந்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் பேச்சே போய்விட்டது. அறிவுத்திறன் மங்கியதாக மட்டும் தகவல் இல்லை. படித்தபோது அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பின்னோக்கி நடக்க 23 பேருமே திணறினார்கள். நாங்கள் அன்றாடம் செய்து பார்க்கும் சோதனைதான் அது. நோயாளியின் முதுகுக்குப் பின்னால் கையை விரித்து நின்றுகொண்டு, "ரெண்டடி பின்னால வாங்க" என்போம். நல்ல கால் பார்க்காமலே இடம் தேடிப் போகும். கெட்ட கால் ஒட்டிக்கொண்டு நிற்க, உடம்பு மட்டும் நம் கைமேல் சரியும். மாங்கனீசால் பாதிக்கப்பட்டவர்களில் சிலர் குதிகால் தரையில் படாமல் சேவல்போல் நடப்பார்கள். தெருவில் பார்ப்பவர்களுக்குக் குடிகாரன்.

பார்கின்சன் என்ற நடுக்கவாத நோய் என்று நினைத்து அதற்கான லெவோடோபா மருந்தைக் கொடுத்தாலும் பெரும்பாலும் கேட்பதில்லை. பழக்கத்தை நிறுத்திச் சில காலம் ஆனால் மூளையின் எம்ஆர்ஐ ஸ்கேன் படத்தில் மாங்கனீசு படிந்த இடத்தில் தெரிந்த வெண்மை மங்கிவிடும், நடை திரும்பாது. படம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடும் ஆபத்து இதில்தான். இளவயதில் இப்படி ஒருவர் வந்தால் பழைய ஊசிப் பழக்கத்தைப் பற்றி, போலீஸ் தோரணை இல்லாமல், மருத்துவர் கேட்டுவிட வேண்டும்.

மாங்கனீசு தாதை அரைத்த தொழிலாளர்களிடம் ஸ்காட்லாந்து மருத்துவர் கூப்பர் 1837இலேயே இந்த நோயைக் கண்டு எழுதியிருக்கிறார். உங்கள் தொடரின் அடுத்த பகுதியில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்