கண்ணாடியில் நீ தெரியவில்லை, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, பெருந்துறையில் நெடுஞ்சாலையை விட்டிறங்கி இடப்பக்கம் திரும்பிய சிமெண்ட் லாரியின் ஓரமாக நுழைந்து, கடைசி நொடியில் மண்ணில் இறக்கித் தப்பித்த பைக்கை ஓட்டியவன், என் அக்கா மகனான நீ. அந்த லாரியை ஓட்டியவன் நான். உன் பின்னால் இருவர் அமர்ந்திருந்தார்கள். மூவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. நீ என்னைக் கவனிக்கவில்லை. உன் சீருடையையும் உன் அப்பாவின் வண்டி எண்ணையும் நான் பார்த்துவிட்டேன். சங்ககிரிக்குத் திரும்பும் வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. உன்னைப் போல் நுழைகிற பிள்ளைகளை அன்றாடம் காண்பதால், உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நீ அன்று வேகமாகக்கூட வரவில்லை. உனக்குத் தெரியாமல் போனது வேறு. பத்துச் சக்கர லாரியைக் குறுகலான சாலைக்குள் இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால், முதலில் வலப்பக்கம் சற்று ஒதுங்கியாக வேண்டும். ஏனென்றால் முன் சக்கரம் போன தடத்திலேயே பின் சக்கரங்கள் வருவதில்லை, வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அப்படி ஒதுங்கும்போது இடப்பக்கம் ஒரு சந்து திறக்கும். பின்னால் வருகிறவனுக்கு லாரிக்காரர் வழிவிடுகிறார் என்றே தோன்றும். உண்மையில் அது நான்கைந்து நொடியில் பின் சக்கரங்கள் ஏறப்போகிற இடம். நீ அதற்குள்தான் நுழைந்தாய். இடக் கதவை ஒட்டிக் கீழே வருகிற பைக், அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கண்ணாடியிலும் தெரியாது, ஜன்னலிலும் தெரியாது. கிளீனர் இருந்தால் எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பான். இப்போது நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். நேர்ச்சாலையிலும் இதே கதைதான். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 14 மீட்டர் ஓடுகிற, சரக்கோடு சேர்த்து ஏறக்குறைய 28 டன் எடையுள்ள வண்டி, நீ குறுக்கே வந்துவிட்டாய் என்பதற்காக நின்றுவிடாது.

தோட்டங்களுக்கு நடுவே போகிற இட்டேரித் தடத்தில், உன் தாத்தா அப்பாருவின் எக்ஸ்எல் மொபெட்டை ஓட்டிப் பழகியவன் நீ. உன் கை நன்றாகவே பழகியிருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வண்டி அடுத்து என்ன செய்யும் என்ற கணிப்பு சாலையில் காலம் கழித்தால்தான் வரும். உன் அப்பாரு புதுக் காளையைப் பழகிய மாட்டோடு ஜோடி சேர்த்துத்தான் வண்டியில் பூட்டுவார். எடுத்த எடுப்பில் சந்தை நாளில் சாலையில் இறக்கமாட்டார்.

டியூஷன் முடியும் நேரத்துக்குப் பேருந்து இல்லாததால்தான் மச்சான், அதாவது உன் அப்பா, சாவியைக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அவரும் இதைப் படிக்க வேண்டும். 16 வயதில் பெறக்கூடிய உரிமம் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. உன் அப்பாருவின் எக்ஸ்எல்கூட அதற்குள் வராது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்தின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரும் உரிமையாளரும் குற்றவாளியாகக் கருதப்படுவார்கள்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. உனக்கு 25 வயது ஆகும் வரை உரிமம் கிடைக்காது. விபத்தில் யாருக்கேனும் அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, ஓட்டியவனுக்கு உரிமம் இல்லை என்று சொல்லி அந்தத் தொகையை மச்சானிடமே திரும்பக் கேட்கலாம். தோட்டம் அடமானத்துக்குப் போவதற்கு அது போதும்.

அக்காவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதை நீயே சொல்லிவிடு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லாரி வீட்டில்தான் நிற்கும். பேருந்தில் வா. உன்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, நான் பைக்கை உருட்டிக்கொண்டு இடப்பக்கம் பின்னாலிருந்து மெல்ல வருவேன். கண்ணாடியில் நான் தெரிகிற வரை குரல் கொடுத்துக்கொண்டே இரு. உன் குரல் நிற்கிற இடத்தில் நானும் நின்று, தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுகிறேன். இறங்கி வந்து பார்.

அன்புடன்,
உன் மாமன்