வெளுத்த பவளத்தின் படம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பவளப்பாறை பற்றிச் செய்தி வந்தாலே வெளுத்துப்போன ஒரு படம், பக்கத்தில் எத்தனை சதவீதம் வெளுத்தது என்று ஒரு எண், அத்தோடு முடிந்துவிடுகிறது. கடல் சூடேறிப் பவளம் நிறமிழக்கும் இந்த வெளுப்பு கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் "பூமி எப்போதுமே சூடாகிக் குளிர்ந்துகொண்டுதானே இருக்கிறது" என்று ஒருவர் கேட்டால், அந்தச் செய்தியைப் படித்தவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

பதில் பவளத்துக்குள்ளேயே இருக்கிறது. போரைட்டீஸ் என்கிற உருண்டைப் பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஆனால் நூற்றாண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். கடல் விஞ்ஞானிகள் முக்குளித்துப் போய் அதில் துளையிட்டு நீளமான ஒரு தண்டை எடுப்பார்கள், துளையை அடைத்தும்விடுவார்கள், பவளம் அதன்மேல் மறுபடி வளர்ந்து மூடிக்கொள்ளும். தண்டை மெல்லிய வில்லையாக அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் மரத்தின் ஆண்டு வளையம்போல வெளிர்பட்டையும் கரும்பட்டையும் மாறிமாறித் தெரியும், ஒரு ஜோடி என்றால் ஓராண்டு. இதை ஊகமாகச் சொல்லவில்லை. பசிபிக்கில் எனிவெடோக் தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கம் அங்கிருந்த பவளங்களில் பதிந்திருந்தது, சோதனை நடந்த ஆண்டுகளோடு பட்டைகளை ஒப்பிட்டு 1972இல் உறுதிசெய்தார்கள்.

அப்புறம் அந்தப் பட்டைகளைச் சுரண்டி வேதியியல் பார்க்கிறார்கள். தண்ணீர் சூடாக இருந்த காலத்தில் உருவான பவளத்தின் சுண்ணாம்பு எலும்பில் கால்சியத்தோடு ஒப்பிட்டால் ஸ்ட்ரான்ஷியம் என்கிற தனிமம் குறைவாக இருக்கும், வெப்பமானி இல்லாத காலத்துக்கும் கடலின் சூடு கிடைத்துவிடுகிறது. ஆற்று மண் வந்து சேர்ந்தால் பேரியம் என்கிற இன்னொரு தனிமம் கூடும். ஆஸ்திரேலியாவின் பர்டெகின் ஆற்றுமுகத்துக்கு அப்பால் எடுத்த பவளத்தில், ஐரோப்பியர் குடியேறிக் கால்நடை மேய்க்கத் தொடங்கிய பிறகு மண் வரத்து ஐந்து முதல் பத்து மடங்கு கூடியது அப்படியே பதிவாகியிருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயமாகப் படுகிறது, கரையில் செய்தது கடலுக்குள் தேதியோடு கிடக்கிறது.

இப்படிப்பட்ட பவளப் பதிவுகளைச் சேர்த்து 2024இல் வெளியான ஆய்வுதான் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளப்பாறைத் தொடரான கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் அந்த ஆண்டின் ஜனவரி முதல் மார்ச் வரையான கடல் சூடு 400 ஆண்டுகளில் இல்லாதது என்றும், மனிதர்கள் வெளியிட்ட வாயுக்கள் இல்லாமல் இந்த ஏற்றத்தை விளக்க முடியாது என்றும் காட்டியது.

அடுத்த முறை வெளுப்பு பற்றி எழுதும்போது தயவுசெய்து அந்த எக்ஸ்ரே படம் ஒன்றை அரைப்பக்கத்துக்குப் போடுங்கள், எந்தப் பட்டை எந்த ஆண்டு என்று குறித்து.