சர்வர் பிரச்னை இல்லைங்க, 'வேர்' பிரச்னை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க அம்மாவுக்கு ஒரு ஆபீஸ்ல இருந்து மாசாமாசம் வர்ற எஸ்எம்எஸ் திடீர்னு நின்னுபோச்சு, போய்க் கேட்டா கவுன்ட்டர்ல 'சர்வர் பிரச்னைம்மா, அடுத்த வாரம் வாங்க'ன்னு அனுப்பிட்டாங்க, மூணு தடவை அலைஞ்சப்புறம் நானும் கூடப் போய் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தா அம்மா பேருக்கு நேரா வேற யாரோட நம்பரோ இருக்கு. பதினஞ்சு வருஷமா டேட்டாபேஸ் வேலைதான் பார்க்கறேன், பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு.

பழைய டேபிள்ல (விவரப் பட்டியல்ல) ஆளுங்க, புதுசா எடுத்த டேபிள்ல போன் நம்பர். புதுசுல இருந்து பழசுக்கு நம்பரை ஒரே அப்டேட்ல, அதாவது பதிவுகளை மாத்தற ஒரே கட்டளையில, மாத்தியிருக்காங்க. உறுப்பினர் எண்ணை வச்சு ஜாயின் பண்ணியிருந்தா, அதாவது ரெண்டு டேபிளையும் இணைச்சிருந்தா, வம்பே இல்ல, எந்த வரிக்கு எந்த வரின்னு சொல்ற 'வேர்' (WHERE) நிபந்தனையில பேரை வச்சுப் பண்ணியிருக்காங்க! எஸ்.லட்சுமின்னு நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு பேர், இதுல இனிஷியல் ஒருத்தருக்கு முன்னாடி, ஒருத்தருக்குப் பின்னாடி. ஒரு ஆளுக்கு நாலு நம்பர் பொருந்துச்சுன்னா ஆரக்கிள்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல சப்குவெரி (கட்டளைக்குள்ள வர்ற இன்னொரு தேடல்) எரர் அடிச்சு நின்னுடும், போஸ்ட்கிரெஸ்ங்கற இன்னொண்ணுல அப்டேட் ஃப்ரம் (வேற டேபிள்ல இருந்து எடுத்து மாத்தற கட்டளை) போட்டா நாலுல ஏதோ ஒண்ணை எடுத்துப் போட்டுட்டு சத்தமில்லாம முடிச்சிடும், எதை எடுக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. சப்குவெரியிலயும் ஒரு குழி இருக்கு, வெளிய வேர் எக்ஸிஸ்ட்ஸ் ('அங்க இருந்தா மட்டும் மாத்து'ங்கற நிபந்தனை) போட மறந்தா புது டேபிள்ல இல்லாதவங்களுக்கு ஏற்கெனவே இருந்த நம்பரும் அழிஞ்சு 'நல்' (NULL, வெற்றிடம்) ஆயிடும்.

அப்டேட்டுக்கு முன்னாடி அதே ஜாயினை செலக்ட்டா (எதையும் மாத்தாம காட்ட மட்டும் செய்யற கட்டளையா) ஓட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆயிரம் பேர் இருக்கற டேபிளுக்கு ஆயிரத்து நாப்பது வரி வந்தாலே எங்கயோ இடிக்குதுன்னு அர்த்தம். அப்டேட் என்னவோ ஆயிரம்னுதான் சமத்தா சொல்லும், செலக்ட்தான் காட்டிக்குடுக்கும். முதல்ல 'பிகின்'னு ஒரு கட்டளை போட்டு அப்டேட்டை ஓட்டினா, சரியில்லைன்னதும் ரோல்பேக் பண்ணி பழையபடி ஆக்கிட்டுப் போயிடலாம்.

இப்ப அம்மாவை ஆதார் ஜெராக்ஸோட மனு எழுதித் தரச் சொல்றாங்க, தப்புப் பண்ணது அவங்க, கியூவுல நிக்கறது எங்கம்மா. உங்க பேப்பர்ல இதைப் போட்டா அவங்க கண்ணுல படும்னுதான் எழுதறேன், மாத்தறதுக்கு முன்னாடி எடுத்த பேக்கப் இருந்தா அதுல இருந்தே எல்லாருக்கும் சரி பண்ணிடலாமே.

ஸ்கிரீன்ல பார்த்த நம்பருக்கு நானே போன் போட்டேன். அடுத்த தெரு லட்சுமியம்மாதான் எடுத்தாங்க. ரெண்டு மாசமா எல்லா மெசேஜும் ரெண்டு ரெண்டா வருதேன்னு அவங்களும் கொழம்பிப் போயிருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை