பாடலும் அதன் ஆண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மனி தன் அணுமின் நிலையங்களை மூடியது பற்றிய தங்கள் கட்டுரை, கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் மின்னணு இசைக் குழுவின் 'ரேடியோஆக்டிவிட்டி' பாடலைத் தொடக்கம் முதலே அணுசக்தி எதிர்ப்புப் பாடல் என்று குறிப்பிட்டது சரியன்று. 1975இல் வெளிவந்த மூல வடிவம் வானொலியையும் கதிரியக்கத்தையும் ஒரே சொல்லில் பிணைத்த சொல்விளையாட்டே. செர்னோபில் விபத்துக்குப் பின், 1991 பதிவில்தான் 'நிறுத்து' என்ற சொல்லும், செர்னோபில், ஹாரிஸ்பர்க், செல்லாஃபீல்டு, ஹிரோஷிமா என்று அணு விபத்துகளாலும் அணுகுண்டாலும் அறியப்பட்ட இடப்பெயர்களும் சேர்ந்தன. தம் பாடலைத் தாமே திருத்திக்கொண்ட அந்த நேர்மைதான், என் பார்வையில், அதன் உண்மையான அரசியல். இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, மெட்டு அதுவாகவே இருக்கப் பொருள் மட்டும் தலைகீழானதை உணர்ந்து நெடுநேரம் பேச்சின்றி இருந்தேன். இத்தகைய பாடல்களைப் பற்றி எழுதும்போது, எந்த ஆண்டின் வடிவம் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்