இந்த வாரத் தொடர்: யூ ஆர் மை குளோரி

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் நாம் பார்த்துப் பேச எடுத்திருப்பது 2021-இல் வந்த சீனத் தொடர், ‘யூ ஆர் மை குளோரி’. 32 எபிசோடுகள். டில்ராபா, யாங் யாங் நடித்தது.

“மறுபடியும் நடிகை காதல் கதையா?” என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சியாவ் ஜிங்ஜிங் முன்னணி நடிகை. ‘ஹானர் ஆஃப் கிங்ஸ்’ மொபைல் விளையாட்டின் விளம்பர முகம். ஆனால் அவருக்கு அதை ஆடவே வராது! குட்டு வெளிப்பட்டதும் அவசரமாகக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை. சொல்லிக்கொடுக்க மாட்டுவது யார் என்றால், பள்ளியில் இவர் காதலைச் சொன்னபோது மறுத்துவிட்ட யூ டூ. இப்போது விண்வெளிப் பொறியாளர், சம்பளம் குறைவு, வேலையை விடலாமா என்ற குழப்பம்.

எனக்குப் பிடித்ததே அந்தக் குழப்பம்தான். பணமும் புகழும் பெண் பக்கம் இருக்கிறது, அதை வைத்துத் தொடர் யூ டூவைத் தாழ்த்தவில்லை. இழுத்தடிக்கும் சந்தேகங்கள், வில்லி மாமியார் எதுவும் இல்லை. இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். நாடகத்தில் இது அபூர்வம், இல்லையா?

விளையாட்டுக் காட்சிகள் நீளம். பொறுமை இல்லாதவர்கள் தாராளமாக ஓட்டிவிடலாம். விளம்பர வாடையும் தூக்கலாகவே அடிக்கிறது.

ஞாயிறு இரவு 8 மணிக்கு இங்கேயே அரட்டை. முதல் 10 எபிசோடுகள் மட்டும் பேசுவோம். முழுதும் பார்த்து முடித்தவர்கள் தயவுசெய்து வாய் திறக்க வேண்டாம்!